பெயிண்ட்டுக்குக் கோப்பை, பிரேக்குக்கு?

1/
ஒரு நீளமான த்ரெட். பழைய கார் வெச்சிருக்கவங்க, பழைய கார் கூட்டம் நடத்துறவங்க, அங்க குடும்பத்தோட போட்டோ எடுக்கப் போறவங்க, மூணு பேருக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். கொஞ்சம் கோவமாத்தான் இருக்கும். முதல் திட்டு எனக்கே, அதனால பொறுமையா படிங்க.

2/
நான் ஸ்பெஷலிஸ்ட் கிடையாது, வெறும் எம்.பி.பி.எஸ். நீலகிரியில ஒரு அரசு மருத்துவமனையில கேஷுவாலிட்டி பாக்குறேன். வீடு எமரால்டுல இருந்து அவலாஞ்சி போற வழியில. வீட்டு ஷெட்டுல 1969-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 ஒண்ணு நிக்குது. தாத்தாவோட வண்டி.

3/
தாத்தா குந்தா நீர்மின் திட்டத்துல ஃபிட்டர். கனடா நாட்டு உதவியோட இங்க அணையும் சுரங்கமும் கட்டின காலத்துல மலை ஏறினவர், அப்புறம் கீழ இறங்கிக் குடியேறவே இல்ல. 1974-ல ஒரு எஸ்டேட் அதிகாரிகிட்ட இருந்து இந்த வண்டியை செகண்ட் ஹேண்டா வாங்கினார். சாகுற வரைக்கும் அவரே ஓட்டினார், முக்கால்வாசி வேலையை அவரே செஞ்சுக்கிட்டார்.

4/
ஹெரால்டு தெரியாத இளசுகளுக்கு: இது நம்ம ஊரு கார். சென்னைக்குப் பக்கத்துல, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி 1961-ல இருந்து இதைத் தயாரிச்சுது. மூலம் இங்கிலாந்தோட டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவமைச்சவர் ஜொவானி மிக்கெலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர்.

5/
948 சிசி எஞ்சின். பானெட்டைத் தூக்கினா முன்பக்க மட்கார்டோட சேர்ந்து மொத்தமும் முன்னால சாயும், டயர் மேல உட்கார்ந்துக்கிட்டே எஞ்சின் வேலை பாக்கலாம். முன்சக்கரம் அநியாயத்துக்கு மடங்கும், 25 அடி வட்டத்துல திரும்பிடும். கொண்டை ஊசி வளைவுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். மலையில இந்த வண்டியை ஓட்டினவங்களுக்குத்தான் அந்த சுகம் தெரியும்.

6/
இப்ப கதைக்கு வரேன். 2019 ஆகஸ்டு ஞாபகம் இருக்கா? அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டின வருஷம். ரோடெல்லாம் சரிஞ்சு கிடந்தது. அதுக்கு அடுத்து கொரோனா. ரெண்டரை வருஷம் வண்டி ஷெட்டை விட்டு வெளிய வரல. எனக்கு அதைத் திரும்பிப் பாக்க நேரமில்ல.

7/
2022-ல கொஞ்சம் மூச்சு விட முடிஞ்சதும் எனக்கு ஆசை வந்துச்சு. வண்டியை ஃபுல்லா பெயிண்ட் அடிச்சேன். குரோம் பாலிஷ், புது சீட் கவர், எல்லாம் சேர்த்து 80 ஆயிரம் சொச்சம். பிரேக்குக்குச் செலவு பண்ணினது எவ்வளவுன்னு கேளுங்க. பூஜ்யம். ஆயில் பாட்டில்ல லெவல் குறையுதான்னு பாத்தேன், குறையல, ‘ஓகே’ன்னு மூடிட்டேன்.

8/
என் மெக்கானிக் அண்ணன், ஊட்டியில சின்ன பட்டறை வெச்சிருக்கவர், அப்பவே சொன்னார்: “டாக்டர் சார், ரொம்ப நாளா நின்ன வண்டிங்க. ஒரு தடவை நாலு சக்கரத்தையும் கழட்டிப் பாத்துடலாங்க.” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “கூட்டம் முடியட்டும்ணே, அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

9/
இதே வசனத்தை என்கிட்ட சுகர் பேஷண்டுங்க வாரத்துக்குப் பத்துப் பேர் சொல்றாங்க. “கல்யாணம் முடியட்டும் சார், அப்புறம் டெஸ்ட் எடுத்துக்குறேன்.” அவங்களை உட்கார வெச்சு கால் மணி நேரம் திட்டுற ஆளு நான்.

10/
கோயம்புத்தூர்ல ஒரு பழைய கார் கூட்டம். குன்னூர் வழியா மேட்டுப்பாளையம் இறங்கினோம். நான், மனைவி, பின் சீட்டுல ஆறு வயசுப் பொண்ணு. அந்தக் கால வண்டி, சீட் பெல்ட் கிடையாது. பொண்ணு ஜன்னல்ல முகத்தை வெச்சுக்கிட்டு குரங்கு எண்ணிக்கிட்டு வந்தா.

11/
மரப்பாலம் தாண்டி பர்லியார் வர்றதுக்குள்ள பெடல் கொஞ்சம் கீழ போற மாதிரி இருந்துச்சு. அடுத்த வளைவுல இன்னும் கீழ. அதுக்கு அடுத்ததுல மிதிச்சேன், கால் நேரா தரையில போய் நின்னுச்சு. வண்டி நிக்கல.

12/
ரெண்டு தடவை பம்ப் பண்ணேன், ஒண்ணும் இல்ல. மூணாவது கியர்ல இருந்து ரெண்டாவதுக்கு இறக்கினேன், எஞ்சின் அலறிச்சு. இந்த வண்டியில முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது, ஓடுறப்ப சும்மா இழுத்துப் போட முடியாது. ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன். எதிர்ல வண்டி இல்லாத ஒரு நொடியில மலைப்பக்கம் ஒடிச்சு, மண்ணுல உரசி, ஓடையில ஒரு சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன்.

13/
பொண்ணு கேட்டா: “அப்பா, ஏன் இங்க நிறுத்திட்டே? குரங்கு இங்க இல்லையே.” மனைவி ஒண்ணும் பேசல. வீடு வந்து சேர்ற வரைக்கும் பேசல.

14/
சீசன் வந்தா எங்க கேஷுவாலிட்டியில இந்த ஒரு வரியை நானே கேஸ் ஷீட்ல எத்தனையோ தடவை எழுதியிருக்கேன்: ‘பிரேக் பிடிக்கவில்லை என்று கூறுகிறார்’. கூட வந்தவங்க எல்லாரும் அந்த வரியைச் சொல்ல உயிரோட இருக்க மாட்டாங்க. அன்னைக்கு அந்த வரியை நான் வேற யார்கிட்டயோ சொல்லியிருக்க வேண்டியது.

15/
ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கோங்க. குன்னூர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,850 மீட்டர், மேட்டுப்பாளையம் சுமார் 300. 1,000 கிலோ வண்டி 1,500 மீட்டர் இறங்கினா வெளிய வர்ற ஆற்றல், 45 லிட்டர் தண்ணியை கொதிநிலைக்குக் கொண்டு போகப் போதும். ஒரு பங்கு காத்துல போகும். கியர் பிடிச்சு இறக்கினா இன்னொரு பங்கை எஞ்சின் வாங்கிக்கும். மிச்சம் முழுக்க பிரேக் தலையில.

16/
என் வண்டியில நாலு சக்கரமும் டிரம் பிரேக். சூடு ஏறினா டிரம் விரியும், லைனிங்கோட பிடிமானம் குறையும். அது ஒரு பக்கம். பெரிய வில்லன் பிரேக் ஆயில். அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சுற சாதி. டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது கொதிக்க குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வேணும். அதுல சுமார் 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா, தரக்கட்டுப்பாடு கேக்குறதே 140 டிகிரிதான்.

17/
கொதிச்சா ஆவிக்குமிழி. ஒரு சிரிஞ்சு நிறைய தண்ணி எடுத்து நுனியை விரலால அடைச்சு அழுத்திப் பாருங்க, அசையாது. அதுல ஒரு காத்துக்குமிழி இருந்தா? சுலபமா உள்ள போகும். அந்தக் குமிழிதான் அன்னைக்கு என் காலுக்குக் கீழ இருந்தது. அவலாஞ்சி ஈரத்துல ரெண்டரை வருஷம் நின்ன வண்டி. ஆயில்ல தண்ணி இல்லாம வேற என்ன இருக்கும்?

18/
அது மட்டுமில்ல. அந்தக் காலத்து வண்டிங்கள்ல பெரும்பாலும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். எங்க ஒரு இடத்துல கசிஞ்சாலும் நாலு சக்கரமும் போச்சு. இப்ப வர்ற வண்டியில ரெண்டா பிரிச்சிருப்பாங்க, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பாதியாவது பிடிக்கும்.

19/
மறுநாள் மெக்கானிக் அண்ணன் சக்கரத்தைக் கழட்டினார். வீல் சிலிண்டர் உள்பக்கம் துருவால குழி குழியா இருந்துச்சு. ரப்பர் உப்பிப் போயிருந்தது. வெளிய வந்த ஆயில் டிக்காஷன் கலர்ல இருந்தது. அவர் கத்தல, திட்டல. “மேல பூசின காசுல கால்வாசியை உள்ள போட்டிருந்தா இது நடந்திருக்காதுங்க”ன்னார். மாஸ்டர் சிலிண்டர், கிட், ஹோஸ், லைனிங், கூலி எல்லாம் சேர்த்து ஆனது 14 ஆயிரம். திரும்பப் படிங்க. பெயிண்ட் 80 ஆயிரம், பிரேக் 14 ஆயிரம்.

20/
இங்கதான் என் கோவம் ஆரம்பிக்குது. ரெண்டு மாசம் கழிச்சு இன்னொரு கூட்டத்துக்குப் போனேன். பானெட்டைத் திறந்து பாத்தாங்க, குரோமைத் தடவிப் பாத்தாங்க, ஹெட்லைட் ரிங் ஒரிஜினலான்னு கேட்டாங்க. பெடலை ஒருத்தர் மிதிச்சுப் பாக்கணுமே? கிடையாது. டயர் எந்த வருஷம்? கேள்வியே இல்ல. எனக்கு ஒரு கோப்பையும் கொடுத்தாங்க. ‘பெஸ்ட் ஃபினிஷ்’. வெக்கமா இருந்துச்சு.

21/
அரசாங்கம் மட்டும் உள்ள பாக்குதான்னா, அதுவும் வயசைத்தான் பாக்குது. 2023 ஏப்ரல் 1-ல இருந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளுக்குப் பதிவு கிடையாது. வண்டி நல்லா இருக்கா, ஓட்டை விழுந்து கிடக்கான்னு தனியா ஒரு கேள்வி இல்ல. நம்மள மாதிரி தனியார் காருக்கு 15 வருஷத்துக்கு மேல பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரல்ல இருந்து 5,000 ஆச்சு. காசு ஏறிச்சு. சோதனை ஏறிச்சான்னு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

22/
2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டணும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல ‘வி.ஏ.’ எழுத்து வரும். கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பராமரிப்புக்குன்னு மட்டும் ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. வரவேற்கிறேன். பழசைக் காப்பாத்தணும்னு ஒரு சட்டம் நினைச்சதே பெரிய விஷயம்.

23/
ஆனா ஒரு டாக்டரா எனக்கு இதுல ஒரு பயம் இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை மட்டும் ஷெட்டை விட்டு வர்ற வண்டிதான் ரொம்ப ஆபத்தான வண்டி. கட்டு போட்டு ஆறு வாரம் அசைக்காம வெச்ச கையைப் பாத்திருக்கீங்களா? சதை வத்தி, மூட்டு இறுகிப் போயிருக்கும். வண்டியும் அப்படித்தான். ரப்பர் இறுகும், சிலிண்டர் துரு பிடிக்கும், ஆயில் தண்ணி குடிக்கும். அப்புறம் ஒரு நாள் பூமாலை போட்டு நேரா மலை இறக்கத்துல விடுவோம்.

24/
இனி நீங்க சொல்லப் போற பதில்கள். ‘நாங்க மெதுவாத்தான் ஓட்டுறோம் டாக்டர்.’ இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே மெதுவா வர்றதுதான் பிரேக்கைக் கொதிக்க வைக்கும். தாத்தா சொல்வார்: எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல இறங்கு. கல்லட்டி ரோட்டுல 36 கொண்டை ஊசி வளைவு. வெளி மாவட்ட வண்டிகளை அதுல ஊட்டியில இருந்து கீழ இறங்க விடாமத் தடுக்குறாங்களே, ஏன்? கியர் பிடிச்சு இறக்கத் தெரியாம போன உயிர்களால.

25/
‘பிரேக்கை மாத்தினா ஒரிஜினாலிட்டி போயிடும்.’ இதைக் கேட்டா எனக்கு பி.பி. ஏறும். 2021 விதியைப் படிங்க. பெரிய மாற்றம்னு அது பேர் சொல்றது சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின். ரெண்டு சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர் போடுறது அந்தப் பேர்ப் பட்டியல்ல இல்ல. நாமளா ஒரு புனிதத்தைக் கட்டிக்கிட்டு அதுக்கு மார்க் குறைக்கிறோம். கழட்டின பழைய பாகத்தை எண்ணெய் தடவி டப்பாவுல வைங்க. ஜட்ஜ் கேட்டா காட்டுங்க.

26/
‘நாங்க டிரெய்லர்லதான் கொண்டு வர்றோம்.’ நல்லது, மியூசியத்துல வைங்க. கோயம்புத்தூர்ல ஜி.டி. கார் மியூசியம் இருக்கு, சென்னையில ஏ.வி.எம். மியூசியம் இருக்கு, ரெண்டும் அருமை, குழந்தைகளைக் கூட்டிட்டுப் போங்க. ஆனா பேரணின்னு பேர் வெச்சா வண்டி ஓடணும். லண்டன்ல இருந்து பிரைட்டனுக்கு வருஷா வருஷம் 1905-க்கு முன்னாடி செஞ்ச வண்டிங்களை சுமார் 60 மைல் ஓட்டிட்டுப் போறாங்க. ஊர் போய்ச் சேர்றதுதான் அங்க பெருமை.

27/
உலகத்துலயே பகட்டான கார் அழகுப் போட்டி அமெரிக்காவோட பெபிள் பீச். அங்க கூட, ஒரு பிரிவுல ரெண்டு வண்டி சமமா மார்க் வாங்கினா, முன்னாடி நடந்த ரோடு பயணத்தை முழுசா ஓட்டி முடிச்ச வண்டிக்குத்தான் முன்னுரிமை. கோடீஸ்வரங்களுக்கே அது புரிஞ்சிருக்கு.

28/
‘இதெல்லாம் பணக்காரங்க விளையாட்டு, இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய த்ரெட்?’ சில பேர் கண்டிப்பா கேப்பீங்க. எங்க தாத்தா ஃபிட்டர். என் மெக்கானிக் அண்ணன் வாடகை வீட்டுல இருக்கார். இந்த வண்டிங்களை உயிரோட வெச்சிருக்கவங்க முக்கால்வாசி இந்த மாதிரி ஆளுங்கதான். அப்புறம், பிரேக் இல்லாத வண்டி இறங்குறப்ப எதிர்ல வர்றது அரசு பஸ், காய்கறி லாரி, ஸ்கூல் விட்டு நடந்து போற பசங்க. இது ஓனரோட சொந்த விஷயம் கிடையாது.

29/
கூட்டம் நடத்துறவங்களுக்கு என் கோரிக்கை. கொடி அசைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டிக்கும் அஞ்சு நிமிஷம்.
அ) பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடி. மெல்லக் கீழ இறங்கினா அந்த வண்டி கிளம்பக் கூடாது.
ஆ) சரிவுல நிறுத்தி ஹேண்ட் பிரேக் மட்டும் போடு. நகர்ந்தா கிளம்பக் கூடாது.
இ) பிரேக் ஆயில் எப்ப மாத்தினது? ரெண்டு வருஷம் தாண்டியிருந்தா, மாத்திட்டு வா.

30/
ஈ) டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2311-ன்னா 2011-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சது. பட்டன் புதுசு மாதிரி இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பழைய வண்டியில இது ரொம்ப சகஜம், ஏன்னா ஓடவே இல்லையே, தேயாது.
உ) பெட்ரோல் ஹோஸ். இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது. விரல்ல அழுத்தினா பிசுபிசுன்னு இருந்தா மாத்து. வண்டியில தீயணைப்பான் வேணும்.
ஊ) ஸ்டியரிங் ஆட்டம், விளக்கு, ஹாரன்.

31/
மார்க் போடுறப்ப பாதி மார்க் இதுக்குக் கொடுங்க. சொந்தச் சக்கரத்துல ஓடி வந்த தூரத்துக்கு மார்க் கொடுங்க. கோப்பை கொடுக்கிற மேடையில ஓனர் பக்கத்துல மெக்கானிக்கையும் நிறுத்தி பேர் சொல்லிக் கூப்பிடுங்க. சால்வை ஓனருக்கு வேண்டாம், அவருக்குப் போடுங்க. கார்புரேட்டர் காதால டியூன் பண்ணத் தெரிஞ்ச அந்தத் தலைமுறை போயிட்டா, உங்க வண்டி அழகான ஒரு அலமாரி. அவ்வளவுதான்.

32/
போட்டோ எடுக்க வர்ற மக்களுக்கு ஒண்ணு. ‘சார் குழந்தையை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க’ன்னு கேக்காதீங்க. ஓனர்களே, கேட்டாலும் பெல்ட் இல்லாத வண்டியில ஏத்தாதீங்க. நான் பின் சீட்டுக்கும் சேர்த்து பெல்ட் போட்டுட்டேன். பாக்க நல்லா இல்லைன்னு ரெண்டு பேர் சொன்னாங்க. சரிங்கன்னு சொல்லிட்டேன்.

33/
இப்ப டியூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமைல எல்லாம் வண்டியை எடுக்குறேன். எமரால்டு போய், அங்க இருந்து அவலாஞ்சி வனத்துறை கேட் வரைக்கும், ஒரு டீ, திரும்ப வீடு. ஏதாவது சத்தம் மாறினா அன்னைக்கே தெரியுது. மழைக்காலத்துல ஷெட்டுலயே வாரம் ஒரு தடவை முன்னாடி பின்னாடி நகர்த்துறேன். ஜூன் வந்தா பிரேக் ஆயில் மாத்தணும்னு ஷெட் கதவுல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்கு. எழுதினது என் பொண்ணு.

34/
ஓட்டி ஓட்டி முன் மட்கார்டுல ரெண்டு இடத்துல பெயிண்ட் உதிர்ந்திருக்கு. பர்லியார்ல மண்ணுல உரசின கோடு இடது பக்கம் அப்படியே இருக்கு, அதை நான் டச்-அப் பண்ணல. பண்ணவும் மாட்டேன். அதனால இனிமே எனக்கு ‘பெஸ்ட் ஃபினிஷ்’ வராது.

35/
அடுத்த மே மாசம் ஊட்டி சீசன்ல பாக்கலாம். என் வண்டிகிட்ட வந்து ‘பெடலை மிதிச்சுப் பாக்கலாமா?’ன்னு யாராவது கேட்டா கதவைத் திறந்து விடுவேன். உங்க வண்டிகிட்ட வந்து நானும் கேப்பேன். கோவிச்சுக்காதீங்க. உங்க ஊரு கிளப்ல பொறுப்புல இருக்கவங்க யாராவது தெரிஞ்சா இதை அனுப்புங்க. இந்த ஞாயிறு உங்க வண்டியோட ஆயில் பாட்டில் மூடியைத் திறந்து, கலரைப் பாத்து, கீழ கமெண்ட்ல போடுங்க. டிக்காஷன் கலரா இருந்தா என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும்.